அலுமினியத் தட்டை எடைக்குப் போடாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் மதுரை வீட்டுக்கு வந்தான். ஒரு கையில் இசைத்தட்டு கேட்கும் அவனுடைய டர்ன்டேபிள், இன்னொரு கையில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் புதிதாக வரவழைத்த அக்ரிலிக் சுழல்தட்டு, அதாவது இசைத்தட்டை மேலே வைத்துச் சுற்றும் தட்டு. "மாமா, பழைய அலுமினியத் தட்டை எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று கேட்டான். எனக்குப் பகீரென்றது. எனக்குத் தெரிந்து இசைத்தட்டு சேர்க்கும் பிள்ளைகள் இன்னும் நாலைந்து பேர் இதே யோசனையில் இருக்கிறார்கள். அதனால் அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

மானாமதுரையில் குயவர் சக்கரத்தைக் கோலால் சுற்றிவிட்டுப் பானை வனைவதைப் பார்த்தவர்களுக்குச் சுழல்தட்டின் முதல் வேலை எளிதில் விளங்கும். கோலை எடுத்த பிறகும் சக்கரம் ஓடுகிறது. களிமண்ணை விரல் அழுத்தினாலும் சட்டென்று தளர்வதில்லை. எடைதான் காரணம், அதிலும் விளிம்பில் இருக்கும் எடை. ஒரே எடையை மையத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், சுழற்சியை விடாமல் பிடித்துக்கொள்ளும் அதன் பலம் நான்கு மடங்காகிறது. நல்ல உலோகத் தட்டைக் கவிழ்த்துப் பாருங்கள், விளிம்பு தடித்திருக்கும். குயவரின் விரலைப் போலத்தான் ஊசியும். இசை உரக்க எழும் இடத்தில் அது இசைத்தட்டின் பள்ளத்தில் கூடுதலாக உராய்கிறது. தட்டு இலேசாக இருந்தால் அந்த இழுப்பு வேகத்தில் தெரியும்.

விரைந்து ஓடும் சங்கதிகளில் இந்தத் தடுமாற்றம் காதில் படாது. நாகசுர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பஞ்சமத்தில் நின்று நீண்ட கார்வை கொடுக்கும்போது படும். கூடவே சுருதி பிடிக்கும் ஒத்து மட்டும் தனியாக ஒலிக்கும் நொடிகளில் இன்னும் நன்றாகப் படும். என் வீட்டில் எந்தக் கருவி வந்தாலும் முதலில் ஏறுவது நாகசுர இசைத்தட்டுதான். (நடுத்துளை தள்ளிப்போன இசைத்தட்டு என்றால் கதை வேறு. எல்.பி. என்னும் நெடுநேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. அந்தக் கணக்கில் சுருதி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை எந்தத் தட்டாலும் குணப்படுத்த முடியாது.) 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 போல மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுற்றும் கருவிகளில் மின்சுற்றும் வேகத்தைக் காக்கிறது. பெல்ட்டில் ஓடும் கருவியில் அந்தப் பொறுப்பில் பெரும்பங்கு தட்டின் தலையில்தான்.

இரண்டாவது வேலை அதிர்வை அடக்குவது. மானாமதுரைக் கடத்தைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கணீரென்று ஒலித்தால் அது கடத்துக்குப் பெருமை. சுழல்தட்டுக்கோ அதே குணம் குற்றம். பள்ளத்தில் ஊசி ஆடும்போது அதிர்வின் ஒரு பகுதி இசைத்தட்டின் வழியே கீழே இறங்குகிறது. அடியில் இருக்கும் பொருள் அதை உள்ளே வாங்கிக்கொள்ளலாம், அல்லது ஊசிக்கே திருப்பி அனுப்பலாம். அடர்த்தியையும் ஒலி ஓடும் வேகத்தையும் பெருக்கிப் பார்த்தால் இசைத்தட்டின் வினைலும் அக்ரிலிக்கும் ஏறத்தாழ ஒன்று. அலுமினியம் அதைப்போல் ஐந்து மடங்கு, எஃகு பத்து மடங்குக்கும் மேல். வேறுபாடு கூடக்கூட, திரும்பி வருவதும் கூடும். ஆகவே அக்ரிலிக் நல்லது என்று மாப்பிள்ளை நம்பியதில் பிழையில்லை.

ஆனால் வெறும் அலுமினியத்தின்மேல் யார் இசைத்தட்டை வைக்கிறார்கள்? நடுவில் ஒரு விரிப்பு இருக்கும். அவன் தட்டின் நடுத்துளையில் விரலை நுழைத்துத் தூக்கிப் பிடித்து, விளிம்பை விரல்முட்டியால் தட்டினேன். பூசை மணி போல ஒலித்து, நாலைந்து வினாடி இழுத்தது. பிறகு கருவியில் பொருத்தி, மோட்டாரை ஓட விடாமல், இசைத்தட்டின்மேல் ஊசியை இறக்கி, ஒலியைச் சற்றே கூட்டிவைத்து, தட்டின் ஓரத்தை விரல்நுனியால் மெல்லத் தட்டினோம். விரிப்பு இல்லாதபோது ஸ்பீக்கரில் 'ணங்'. ரப்பர் விரிப்பைப் போட்டதும் 'தொப்'. அக்ரிலிக்கில் 'டொக்'. அவ்வளவுதான் வித்தியாசம். ரப்பர் அதிர்வைத் தனக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது.

அடுத்து இரண்டு தட்டுகளையும் சமையலறைத் தராசில் வைத்தோம். அலுமினியம் 1.6 கிலோ, அக்ரிலிக் 1.1 கிலோ. அக்ரிலிக்கின் அடர்த்தி அலுமினியத்தில் பாதிகூட இல்லை. அதே எடை வேண்டுமென்றால் இரண்டு மடங்குக்கும் மேல் தடிமன் வேண்டும். விற்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். கேட்டுப் பார்த்தபோது தவிலின் வலந்தலை அடி அக்ரிலிக்கில் ஒரு நூலளவு தெளிவாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் நீண்ட கார்வை மெல்ல அசைந்தது. அலுமினியத்தில் அது அசையவில்லை. நாகசுரம் கேட்கிறவன் எதை விட்டுக்கொடுப்பான்?

விரிப்பில்தான் கவனம் வேண்டும். பழைய ரப்பர் காய்ந்து கெட்டியாகியிருந்தால் பயனில்லை. ஆட்டோ உதிரிபாகக் கடையில் கேஸ்கெட்டுக்கு விற்கும் தக்கைத் தாளை வட்டமாக வெட்டிப் போட்டாலே போதும். தடிமன் மாறினால் ஊசிக்கையின் உயரத்தையும் சரிசெய்யுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கம்பளி விரிப்பு காற்று வறண்ட நாளில் மின்னூட்டம் ஏறி இசைத்தட்டோடு ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது, எனக்குப் பிடிக்காது. இரும்புத் தட்டில் இன்னொரு தொல்லை உண்டு. 1957-இல் வந்த தோரன்ஸ் டி.டி. 124-இன் வார்ப்பிரும்புத் தட்டு, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் வலுவான காந்தம் இருந்தால் அதைக் கீழே இழுத்து ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிவிடும். சூட்கேஸ் வடிவில் விற்கும் பிளேயர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். இசைத்தட்டைவிடச் சிறிய பிளாஸ்டிக் தட்டில் எடையும் இல்லை, பிடிமானமும் இல்லை.

மாப்பிள்ளை இரண்டு தட்டுகளையும் எடுத்துக்கொண்டு போனான். இப்போது கருவியில் இருப்பது அலுமினியம், அதன்மேல் 3 மில்லிமீட்டர் தக்கை. அவன் ஊசியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன், முனை தேய்ந்திருக்கிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.