சைட் நல்லாத்தானே ஓடுது?

கிருஷ்ணகிரியில மாம்பழக்கூழ் விக்கிற ஒருத்தர் சைட்டைப் பாத்துக்கறேன், வேர்ட்பிரஸ்ங்கற சைட் நடத்தற மென்பொருள்ல ஓடுது. டாஷ்போர்டைத் திறந்தாலே செவப்பு வட்டத்துல ஒரு நம்பர், இத்தனை அப்டேட் பாக்கின்னு. ஒரு பிளகினை, அதாவது சைட்டுல சேக்கற துணை மென்பொருளை, அப்டேட் பண்ணா இன்னொண்ணு கோவிச்சுக்குது. என்கொயரி ஃபார்ம்ல அனுப்பற பட்டனையே காணோம். பண்ணாம விட்டா எவனாவது ஓட்டை வழியா சூதாட்ட லிங்க்கைச் சொருகிட்டுப் போவான். பிளகினுக்கு ஆட்டோ அப்டேட்டா? 2020லயே வேர்ட்பிரஸ் 5.5ல வந்துருச்சு, சரி. ராத்திரி அதுவா மாறி, காலைல சைட் வெள்ளையா நின்னா யாரு பதில் சொல்றது? ஸ்டேஜிங்ல, அதாவது சைட்டோட நகல்ல, மொதல்ல போட்டுப் பாக்கக் காசு கேட்டா, "நல்லாத்தானேப்பா ஓடுது?"ங்கறாரு ஓனர். ஹோஸ்டிங்ல, வேர்ட்பிரஸ் எழுதின மொழியான பிஹெச்பி இன்னும் 7.4தான். அதுக்கு சப்போர்ட் 2022 நவம்பரோட முடிஞ்சுபோச்சு! இதுல பெங்களூரா மாம்பழ சீசன் உச்சத்துலதான் அவசர செக்யூரிட்டி அப்டேட் வேற வரும்.