இன்புட்டை மூடினால் போவேர்டிங் நிக்காது

லினக்ஸ் றவுட்டரின்ர ஃபயர்வோலில இன்புட் செயினை (செயின் எண்டால் பாக்கெட் எண்ட தரவுத் துண்டுகளை விடுறதோ மறிக்கிறதோ எண்டு சொல்லுற விதி வரிசை) ட்றொப், அதாவது மறிச்சு எறியிறதா, ஆக்கினால், வீட்டு வைஃபையில இருந்து கமரா நெட்வேர்க்குக்கு ஒரு பாக்கெட்டும் கடக்காது எண்டு ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்பிடியில்லை, தம்பி. இன்புட் பார்க்கிறது றவுட்டருக்கே வாற பாக்கெட்டுகளை மட்டும்தான். ஊடாகப் போறவை போவேர்ட் செயினால போகும். நாங்கள் மாத்தாட்டி அதின்ர பொலிசி, அதாவது ஒரு விதியும் பொருந்தாத பாக்கெட்டை என்ன செய்யிறது எண்டது, அக்செப்ட் (போக விடுறது).

ஆரும் சோதிக்கலாம். ஐபிடேபிள்ஸ் எண்ட ஃபயர்வோல் கட்டளையை பெரிய எல், சின்ன வி, சின்ன என் போட்டு (iptables -L -v -n) அடியுங்கோ. செயின் பேருக்குப் பக்கத்தில பொலிசியும் பாக்கெட் எண்ணிக்கையும் வரும். வைஃபை லப்டொப்பில இருந்து கமராவுக்கு 20 பிங் (பதில் கேக்கிற சோதனைப் பாக்கெட்) விட்டுத் திரும்பப் பாருங்கோ: போவேர்டில 20 போய் 20 வந்து, குறைஞ்சது 40 கூடியிருக்கும். போவேர்டில வேற விதிகள் இருந்தால் அந்தந்த வரியின்ர எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கோ. கவனம், எஸ்எஸ்எச்சில (வேற கணினியில இருந்து றவுட்டருக்குள்ள நுழையிற இணைப்பில) நிண்டு இன்புட்டை ட்றொப் ஆக்காதேங்கோ, இணைப்பே அறுந்துபோகும். மறிக்க வேண்டிய இடம் போவேர்ட் செயின்தான்.