லாங் சைஸ் நோட்டு

இருபது வருடமாக மருத்துவமனைகளுக்கு மென்பொருள் நிறுவிக் கொடுக்கிறேன். முதல் பத்து வருடம் நான் விரட்டிக்கொண்டிருந்த எதிரி வைரசும் அல்ல, ஹேக்கரும் அல்ல. நர்சுகளின் லாங் சைஸ் நோட்டு.

எந்த வார்டுக்குப் போனாலும் அது இருக்கும். பழுப்பு அட்டை, முனை மடங்கிய பக்கங்கள், காஜ் துணியைத் திரித்துக் கட்டிய பேனா. டியூட்டி முடிந்து போகிறவர் அடுத்து வருகிறவருக்காக எழுதிவைப்பது. அதற்கென்றே நாங்கள் கணினியில் ஒரு திரை செய்து கொடுத்திருந்தோம். அதையும் நிரப்புவார்கள், நோட்டிலும் எழுதுவார்கள். "ஏன் சிஸ்டர் இரட்டை வேலை?" என்று கேட்டால் ஒரு சிரிப்புதான் பதில்.

ஒரு மருத்துவமனையில் நிர்வாகம் 'இனி காகிதமே கிடையாது' என்று அறிவித்து நோட்டுகளை வாங்கி உள்ளே வைத்துவிட்டது. நான்தான் ஆலோசனை சொன்னவன். அன்று கேக் வெட்டினோம்.

மூன்றாவது வாரம், ஒரு மாதத்துக்கு மேல் கால் புண்ணுக்காகப் படுத்திருந்த பெரியவரிடம், வேறு வார்டிலிருந்து மாறி வந்த பெண் காலையில் போய், "டிபன் வந்துவிட்டதா தாத்தா?" என்று கேட்டிருக்கிறார். அவர் தலையாட்டினார். இன்சுலின் போட்டாயிற்று. டிபன் வரவில்லை. அரை மணி கழித்து இன்னொருவர் பார்த்தபோது ஆள் வியர்த்து நனைந்து கிடந்தார்; சர்க்கரை 52. குளுக்கோஸ் ஏற்றி மீட்டுவிட்டார்கள்.

விசாரணை நடந்தது. எங்கள் திரையில் 'கேட்புத்திறன்: இயல்பு' என்று இருந்தது. அது கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம். அட்மிஷன் மேசையில் எல்லோருக்கும் 'இயல்பு' என்றே தட்டிவிடுவார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் அலமாரியைத் திறந்து பழைய நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். 'பெட் 9 தாத்தாவுக்குக் காது கேட்காது. எது கேட்டாலும் தலையாட்டுவார். நம்பாதே.'

"இதைக் கணினியில் எழுதியிருக்கலாமே" என்றேன். வெட்கமில்லாமல்தான்.

"கணினியில் எழுதுவது மேலே போகிறது சார். நோட்டில் எழுதுவது பக்கத்தில் இருப்பவளுக்குப் போகிறது. 'நம்பாதே' என்று ஒரு நோயாளியைப் பற்றிக் கணினியில் எழுதினால் நாளைக்கு யார் வந்து என்ன கேட்பார்களோ?" அதே பக்கத்தில் கீழே இன்னொரு வரி: எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன டாக்டர் பத்தரைக்குத்தான் வந்தார். அதை எந்தத் திரையில் எழுதுவது?

அதற்குப் பிறகு வேறு தொழிலில் இருப்பவர்களைப் பார்த்தால் 'உங்களிடமும் இப்படி ஒரு நோட்டு உண்டா?' என்று கேட்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது. கோயம்புத்தூர்ப் பக்கம் நூற்பாலையில் பிட்டராக இருக்கும் உறவினர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் ஆலையில் இயந்திரம் நின்றால் காரணத்தைத் திரையில் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஆங்கில அகரவரிசையில் முதலில் வருவது 'எலக்ட்ரிக்கல்'. அவசரத்தில் எல்லோரும் அதையே அமுக்கிவிடுகிறார்கள். மாதக் கடைசியில் முதலாளிக்குப் போகும் வண்ண வரைபடத்தில் பாதிக்குப் பாதி மின்கோளாறு. திட்டு வாங்குவது எலக்ட்ரீஷியன். எந்த பேரிங் எப்போது தேய்ந்தது என்பது இவருடைய சட்டைப்பை டைரியில் தேதியோடு இருக்கிறது. "என்னிடம் யாரும் கேட்கவில்லை, மாப்பிள்ளை."

காலை நடையில் கூட வரும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் இன்னும் பழைய ஆள். ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு 1984இல் பரிந்துரைத்த இயந்திரமயம், ஏ.எல்.பி.எம். என்ற லெட்ஜர் இயந்திரங்களாக அவர் கிளைக்கு வந்தபோது, பல மாதம் கையாலும் எழுதி இயந்திரத்திலும் ஏற்றி, இரவு இரண்டையும் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்களாம். "வித்தியாசம் வந்தால் யார் தப்பு என்று முடிவு கட்டமாட்டோம், தம்பி. முதலில் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்."

அவரிடம் பிரிட்டன் அஞ்சல் நிலையங்களின் கதையைச் சொன்னேன். புஜித்சு நிறுவனத்தின் ஹொரைசன் மென்பொருளை அங்கே 1999இலிருந்து நிறுவினார்கள். கணக்கில் பணம் குறைகிறது என்று திரை காட்டியது. கிளைகளை நடத்தியவர்கள் ஒப்பந்தப்படி கைக்காசைப் போட்டு ஈடுகட்டினார்கள். முடியாதவர்கள் மீது வழக்கு. திருட்டு, பொய்க்கணக்கு என்று 900 பேருக்கு மேல் தண்டிக்கப்பட்டார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர் நீதிமன்றம் சொன்னது 2019 டிசம்பரில். 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில். தண்டனைகளை ரத்துசெய்ய 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டியிருந்தது. கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்டிய பிறகே அதன் கணக்கைச் சாட்சியமாக ஏற்கலாம் என்ற விதி இங்கிலாந்தில் முன்பு இருந்தது. அதை நீக்கிய சட்டம் எந்த ஆண்டுச் சட்டம் தெரியுமா? 1999.

பெரியவர் நின்றுவிட்டார். "அவர்கள் கையில் இன்னொரு புத்தகம் இல்லையா?"

திரையில் வந்த தொகை எப்படி வந்தது என்று தோண்டிப் பார்க்கவே அவர்களுக்குச் சரியான வழியில்லை என்றேன். மேற்கொண்டு நடக்காமல் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நோட்டுக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. தொலையும், நனையும், கையெழுத்து புரியாது, நோயாளியின் அந்தரங்கம் யார் கண்ணிலும் படலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். இதையெல்லாம் சொல்லித்தான் பத்து வருடம் சம்பாதித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு புது யோசனை: அந்த நோட்டையே படம் பிடித்துச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்துவிடலாம், அது படித்துச் சுருக்கி மேலே அனுப்பிவிடும். சொன்ன இளைஞன் கெட்டிக்காரன், கையெழுத்தைப் படிக்கும் சிக்கலை உண்மையிலேயே தீர்த்திருக்கிறான். ஆனால் மேலே போகும் என்று தெரிந்த மறுநாள் அந்த நோட்டில் 'நம்பாதே' இருக்காது. 'நோயாளி ஒத்துழைக்கிறார்' என்று இருக்கும். உண்மையான விஷயம் இன்னும் சின்ன நோட்டு ஒன்றுக்குக் குடிபோகும், நாங்கள் அதற்கும் ஒரு செயலி விற்போம்.

போன வாரம் ஒரு புது மருத்துவமனைக்கு ஆய்வுக்குப் போயிருந்தேன். டிரஸ்ஸிங் டிராலியின் கீழ்த்தட்டில் ஒரு பழுப்பு அட்டை துருத்திக்கொண்டிருந்தது. என் கழுத்து அடையாள அட்டையைப் பார்த்ததும் அங்கிருந்த சிஸ்டர் அதை முழங்காலால் மெதுவாக உள்ளே தள்ளினார். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆய்வுப் படிவத்தில் பதினான்காவது கேள்வி: 'வார்டில் இணையாகக் காகிதப் பதிவுகள் பராமரிக்கப்படுகின்றனவா?'

'இல்லை' என்று தட்டிவிட்டு வந்தேன்.