ரெண்டு இன்ச்னா எத்தனை மில்லிமீட்டர்?

ஒரே வாரத்தில் மூன்று கடைகளில் ‘ரெண்டு இன்ச் பைப்’ கேட்டேன். மூன்று பேருமே ஒரு நொடி யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து வெர்னியர் அளவியை வைத்து அளந்தால் விவசாயப் பைப்பின் வெளிவிட்டம் 63 மி.மீ. வீட்டுக் குழாய் வேலைக்கான வெள்ளைப் பைப் 60.3. ஜிஐ பைப்பும், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பும், 60.3, ஆனால் உள்ளே 53 சொச்சம். இரண்டு இன்ச் என்றால் 50.8 மி.மீ. அந்த அளவு மூன்றில் ஒன்றிலும், உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அப்புறம் எதற்கு அதற்கு ரெண்டு இன்ச் என்று பெயர்?

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அக்கா மகன் படிக்கிற பள்ளியில் அறிவியல் நாள் வருகிறது. பிள்ளைகள் காகிதத்தைச் சுருட்டி ராக்கெட் செய்திருக்கிறார்கள். அதைக் காற்றழுத்தத்தில் மேலே அனுப்ப ஒரு லாஞ்சர் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். முதலில் சாதாரண பால் வால்வு வைத்துச் செய்தேன். கைப்பிடியைத் திருப்பி முடிப்பதற்குள் பாதிக் காற்று ராக்கெட்டைச் சுற்றிக் கசிந்து போய்விடுகிறது. காகித ராக்கெட்டுக்கு வேண்டியது ஒரே அடி. அதற்குச் சரியான வழி பிஸ்டன் வால்வு.

தத்துவம் எளிமையானது. ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு பிஸ்டன். அதன் முன்முகம் ராக்கெட் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு நிற்கும். பிஸ்டனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. காற்றடிக்கும்போது நுண்ணிய துளை வழியாகப் பின்னறையும் நிரம்பிவிடும். பின்னாலிருந்து முழுப் பரப்பிலும் காற்று தள்ளுகிறது. முன்னால் வாயைச் சுற்றியிருக்கிற வளையத்தில் மட்டும்தான் தள்ளுகிறது. அதனால் பிஸ்டன் அசையாது. பின்னறைக் காற்றை வெளியே விட்டால் ஒரு கட்டத்தில் முன்பக்கம் ஜெயிக்கும். லேசாக நகர்ந்ததுமே வாய்ப் பரப்பிலும் அழுத்தம் சேர்ந்துகொள்ள, பிஸ்டன் படாரென்று பின்னால் பாயும், மொத்தக் காற்றும் ராக்கெட்டுக்குப் போகும். 50 மி.மீ. பிஸ்டனுக்கு 25 மி.மீ. வாய் வைத்தால், பின்னறை அழுத்தம் முக்கால் பங்காகக் குறைந்தாலே போதும். வாயை 40 ஆக்கினால் 36 சதவீதம் வரை இறங்க வேண்டும். இவ்வளவும் கணக்குப் போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கடைத்தெருவில் கிடைக்கிற பொருள்தான் அதற்கு ஒத்துவரவில்லை.

பிஸ்டன் ஓடுவது குழாயின் உள்ளே. எனக்கு வேண்டியது உள்விட்டம். விவசாயப் பைப்பின் மேல் கம்பெனி பெயர், 63 மி.மீ., எத்தனை கிலோ (சதுர செ.மீ.க்குத் தாங்கும் அழுத்தம்), ஐஎஸ் 4985 என்று நீளமாக அச்சடித்திருக்கிறார்கள். அத்தனையும் இருக்கிறது, உள்விட்டம் மட்டும் இல்லை. அந்தத் தரநிலை வெளிவிட்டத்தைத்தான் நிர்ணயிக்கிறது. சுவர் கனம் கிலோவுக்குக் கிலோ மாறும், ஒரே கிலோவுக்குள்ளும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். தண்ணீர் ஓடுகிற பைப்புக்கு அது போதும், ஏனென்றால் கப்ளிங் மாட்டுவது வெளியே. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே எவ்வளவு என்று ஒருவன் கேட்டால் பதில் சொல்ல ஒருவராவது வேண்டாமா? ‘ரெண்டு இன்ச்சுன்னா ரெண்டு இன்ச்சுதானுங்க’ என்பது ஒரு பதிலா? கடையில் வெர்னியரை எடுத்தால் ஏதோ திருட வந்தவனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது அதே கடையில்தான். இந்தப் பைப்பில் காற்றழுத்தம் ஏற்றலாமா என்று வேண்டுமென்றே கேட்டேன். ‘பத்து கிலோ பைப்புங்க, தாராளமா அடிங்க, ஒன்னும் ஆகாது’ என்றார். ஒன்றும் ஆகாதா? அந்தப் பத்து கிலோ தண்ணீருக்கு, அதுவும் 27 டிகிரி வெப்பத்தில். மொட்டை மாடி வெயிலில் கிடந்த பைப்புக்கு அந்த எண் பொருந்தாது. தண்ணீரை அமுக்க முடியாது. பைப் விரிசல் விட்டால் பீய்ச்சியடித்துவிட்டு நின்றுபோகும். காற்று அப்படி இல்லை, சுருளை அமுக்கி வைத்த மாதிரி உள்ளே காத்திருக்கும். 5 லிட்டர் கொள்ளளவில் 4 கிலோ அழுத்தம் ஏற்றினால் ஏறத்தாழ 2000 ஜூல் அதற்குள் இருக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டை 8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மோதுகிற ஆற்றல் அது. பிவிசி உடைந்தால் கிழியாது, கண்ணாடி போலச் சில்லு சில்லாகத் தெறிக்கும். சுற்றி நிற்கப்போவது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பத்து மீட்டர் பைப் விற்பதற்காக ‘ஒன்னும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள்.

அதனால் ஜிஐ பைப்புக்குப் போனேன். நீலப் பட்டை போட்ட மீடியம் கிளாஸ். பலத்தில் சந்தேகமே இல்லை. உள்ளே விரலை விட்டால் நீளவாக்கில் ஒரு மேடு. தகட்டை வளைத்துப் பற்றவைத்த தையல் அது. அதன் மேல் துத்தநாகப் பூச்சு வேறு, அங்கங்கே பொரிபொரியாக. அதற்குள் பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரப்பர் வளையம் ஓட வேண்டுமாம். நாலு தடவை ஓடினால் வளையம் கிழிந்து கையில் வந்துவிடும். காற்றுத் தொட்டிக்கு மட்டும் அந்தப் பைப்பை வைத்துக்கொண்டேன்.

அப்புறம் லேத் பட்டறை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு லேத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் தெருவுக்குத் தெரு பட்டறை, பம்ப்புக்கும் மோட்டாருக்கும் உருப்படி செய்கிற ஊர். நான் போன பட்டறை அண்ணா கைத்திறமை உள்ளவர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் பிஸ்டனுக்கு டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் கேட்டேன், அவர் கடைந்து கொடுத்தது நைலான். இரண்டும் வெள்ளை ராடுதான், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ‘ரெண்டும் ஒன்னுதான் தம்பி’ என்றார். ஒன்றே இல்லை! நைலான் ஈரத்தைக் குடித்து ஊதும். ஒரு வாரம் மழை பிடித்ததும் குழாய்க்குள் சுகமாக ஓடிய பிஸ்டன் ஆப்பு அடித்த மாதிரி இறுகி நின்றது. ரப்பர் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தேன்.

ஓரிங், அதாவது காற்று கசியாமல் அடைக்கிற அந்த ரப்பர் வளையத்தின் கதை இதைவிட மோசம். 3.5 மி.மீ. கனமுள்ள ஓரிங் காற்றில் ஓடுகிற பிஸ்டனில் உட்கார்ந்தால் பத்து சதவீதம் அளவுக்கு அமுங்கினால் நல்லது. அதாவது 0.35 மி.மீ. குழாய் கொஞ்சம் முட்டை வடிவமாக இருந்தாலே அந்த 0.35 முழுவதும் காணாமல் போய்விடும். இவ்வளவு நுணுக்கமான விஷயத்துக்குக் கடையில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒரு பெரிய டப்பாவில் எல்லா ஓரிங்கையும் கலந்து போட்டு வைத்திருக்கிறார்கள். கனம் 3, 3.5, 3.53 எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. விரலில் மாட்டிப் பார்த்து, ‘இது சரியா இருக்கும்’ என்று எடுத்து நீட்டுகிறார் ஒருவர். எந்த ரப்பர், நைட்ரைலா சிலிக்கோனா என்று கேட்டால் ‘கறுப்பு’ என்கிறார். இறுக்கமான வளையம் போட்டால் பிஸ்டன் நகராது. தளர்ந்தது போட்டால் பின்னறையிலிருந்து வெளியேறுகிற காற்றுக்குச் சமமாக முன்பக்கக் காற்று ஓரமாகக் கசிந்து உள்ளே வந்துகொண்டே இருக்கும். அழுத்தம் இறங்கவே இறங்காது. டிரிக்கரை அழுத்தினால் உஸ்ஸ் என்று ஒரு சத்தம், முழுத் தொட்டியும் காலி, ராக்கெட் அதே இடத்தில். பதினான்கு தடவை அந்த உஸ்ஸைக் கேட்டிருக்கிறேன்.

மரை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆன்லைனில் கால் இன்ச் பிரஷர் கேஜ் ஒன்று வாங்கினேன். விளம்பரத்தில் ‘1/4 இன்ச்’, அவ்வளவுதான் இருந்தது. வந்தது என்பிடி, அதாவது அமெரிக்க அளவு மரை. இங்கே கடையில் கிடைக்கிற சாமான் எல்லாம் பிஎஸ்பி, பிரிட்டிஷ் அளவு. ஒன்றில் இன்ச்சுக்கு 18 புரி, மற்றதில் 19. கோணமும் வேறு, 60 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் எப்படிச் சேரும்? இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறிவிட்டு அப்படியே பிடித்துக்கொள்ளும். புகார் செய்தால் ‘டெஃப்லான் டேப் நல்லா சுத்துங்க’ என்று பதில். சேராத மரையை டேப் சேர்த்து வைக்காது. அழுத்தம் ஏறும்போது அந்தக் கேஜ் கழன்று பறந்தால் யார் முகத்தில் அடிக்கும்?

கடைசியில் உருப்படியான குழாய் கிடைத்தது பழைய இரும்புக் கடையில். ஏதோ மில்லிலிருந்து கழித்துப்போட்ட, காற்றழுத்தத்தில் ஓடுகிற நியூமேட்டிக் சிலிண்டர், எடைக்குத்தான் விலை. 50 மி.மீ. போர், அதாவது உள்விட்டம். அளந்தேன், 50 என்றால் 50. உள்ளே கண்ணாடி மாதிரி இருக்கிறது. அந்த உலகத்தில் 32, 40, 50, 63 என்று சொன்னால் அது உள்விட்டம், சந்தேகமே வேண்டாம். அந்தச் சிலிண்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. இந்த நாட்டில் சொன்ன அளவுக்குக் குழாய் செய்யத் தெரியும், செய்துகொண்டும் இருக்கிறார்கள். அதைச் சில்லறையில் ஒரு அடி கேட்டால் தர ஆளில்லை. பிஸ்டனில் காற்றை அடைக்கிற நல்ல யு-கப் சீல் கேட்டாலும் ‘ஒரு பீஸெல்லாம் தர்றதில்லைங்க’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பிஸ்டனை இப்போது நிஜமான டெல்ரினில் மறுபடி கடையக் கொடுத்திருக்கிறேன். ராடை நானே வாங்கிக் கொடுத்துவிட்டேன். பின்னால் பிஸ்டன் மோதுகிற இடத்துக்குக் கனமான ரப்பர் வட்டு வெட்டியாகிவிட்டது, 3 கிலோவில் திறக்கிற சேஃப்டி வால்வும் மாட்டியாகிவிட்டது. மிச்சம் ஓரிங் மட்டும்தான். சனிக்கிழமை காலையில் வெர்னியரோடு போகிறேன். அந்த டப்பாவை என் முன்னால் கொட்டி நானே அளந்து எடுக்க விட வேண்டும். விடவில்லை என்றால் அடுத்த கடை, அங்கேயும் இல்லை என்றால் அதற்கடுத்த கடை.