கையைத் தூக்கு என்று கத்தினால் போதுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகள் கராத்தே வகுப்பில் நன்றாகத்தான் செய்கிறார்கள். வரிசையில் நின்று குத்து விட்டால் மண்டபமே அதிரும். அதே பிள்ளையைப் போட்டியில் ஓர் எதிராளிக்கு முன்னால் நிறுத்தினால், கற்றதெல்லாம் எங்கே போனது என்றே தெரியாது. “பயந்துட்டான்” என்று பெற்றோர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைக்குத் தைரியம் இருக்கிறது. சண்டைக்கான பயிற்சியைத்தான் நாம் கொடுக்கவில்லை.

முகத்தைக் காக்கக் கையைத் தூக்கி வைப்போமே, அந்தக் கார்டையே எடுத்துக்கொள்வோம். ஓரத்தில் உட்கார்ந்து “கையைத் தூக்கு, கையைத் தூக்கு” என்று தொண்டை வறளக் கத்துகிறோமே, அந்தக் கை ஏன் இறங்குகிறது என்று பார்த்திருக்கிறோமா? அடிப்படைப் பயிற்சியில் ஒரு கை குத்தும்போது மறு கையை இடுப்புக்கு இழுக்கச் சொல்கிறோம். இதற்கு ஹிக்கித்தே என்று பெயர். எதிராளியின் கையைப் பிடித்திருந்தால் அந்த இழுப்புக்குப் பலன் உண்டு. போட்டியில் யாரும் யார் கையையும் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. ஆனாலும் பழகிய கை பழகிய இடத்துக்குத்தானே போகும்? முகம் திறந்து கிடக்கும். எதிராளி முன்னால் இருக்கும் கையால் சட்டென்று ஒன்று வைப்பான், அவனுக்கு ஒரு புள்ளி. நம் பிள்ளை நாம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், “ஜோடான்!” (தலைப் பக்கம்) என்று அறிவித்துவிட்டு அடிக்கும் பயிற்சி. சொல்லிவிட்டு வரும் அடியை மட்டுமே தடுத்துப் பழகியவனுக்கு, சொல்லாமல் வருகிறவனின் தூரம் பிடிபடாது. கார்டுக்கு உயிரே தூரம்தான்.

தோள் தொடும் விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தொட வேண்டும், தன் தோளைக் காக்க வேண்டும். பிறகு ஒருவன் முன்னால் இருக்கும் கையால் மட்டும் அடிக்கட்டும். எப்போது அடிப்பது, அடிப்பதா வேண்டாமா என்பது அவன் விருப்பம். சும்மா பாசாங்கு காட்டிவிட்டு நிற்கலாம். அந்த “வருமா, வராதா” என்ற தவிப்பில்தான் கண் விழிக்கும், கால் தானாக நகரும். அது வந்த பிறகு உதையைச் சேருங்கள். தலைக்கு உதைத்தால் 3 புள்ளி என்பதால் எல்லாப் பிள்ளைகளும் அதற்கே பறக்கிறார்கள். கையால் வழி திறக்காமல் காலைத் தூக்குகிறவன் ஒற்றைக் காலில் நின்று குத்து வாங்குகிறான்.

பாரம்பரியம் கெட்டுவிடும் என்று சில மாஸ்டர்கள் வருத்தப்படுவார்கள். ஜப்பான் கராத்தே சங்கம் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியதே 1957-இல்தான், நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் ஃபுனாகோஷி மறைந்த அதே ஆண்டில். போட்டிச் சண்டை பிற்பாடு வளர்ந்த வித்தை. அதற்கென்று தனிப் பயிற்சி கொடுப்பதால் தனியாகச் செய்யும் அசைவு வரிசையான காத்தாவுக்கு ஒரு குறையும் வராது.

பெற்றோருக்கும் ஒன்று. போட்டி முடிந்து வரும் பிள்ளையிடம் “ஏன் தோத்த?” என்று கேட்காதீர்கள். “அவன் எந்தக் காலை முன்னால வச்சிருந்தான்?” என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் திட்ட வேண்டாம், மாஸ்டரிடம் சொல்லுங்கள். அடுத்த வகுப்பை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குப் புரிந்துவிடும்.