தோற்ற பிறகு உட்கார ஒரு மேசை

ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாக்கியின் வெள்ளைத் தாடிப் படத்தைப் போட்டு, பலமுறை தோற்றார், விடவில்லை, கடைசியில் ஆஸ்கார் வாங்கினார் என்கிற மாதிரி ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டே இருக்கிறது. 2025 மார்ச்சில் ஊரே தன் கல்யாண ஃபோட்டோவை அவருடைய ஸ்டூடியோவான ஜிப்லியின் பாணிக்கு மாற்றிப் போட்ட பிறகு அது இன்னும் கூடிவிட்டது. அனிமேஷன் படிக்கிற பிள்ளைகள் ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள்.

எனக்கு அந்த ஃபார்வர்டு மேல் கோபம் உண்டு. அதில் பொய் இல்லை. தோற்றார், உண்மை. விடவில்லை, அதுவும் உண்மை. ஆனால் அவர் வேலைக்குச் சேர்ந்தது 1963, ஆஸ்கார் 2003. நடுவில் நாற்பது வருடம். அந்த நாற்பது வருடத்தில் அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார், படம் ஓடாதபோது பழி யார் தலையில் விழுந்தது, வீட்டில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு மனிதன் தனியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெயித்ததாக முடித்துவிடுகிறோம். சென்னையில் கம்ப்போசிட்டிங் வேலையில், அதாவது தனித்தனியாகச் செய்த காட்சித் துண்டுகளை ஒரே ஷாட்டாகச் சேர்க்கும் வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தொழிலில் தனியாக யாரும் ஜெயிப்பதும் இல்லை, தனியாகத் தோற்பதும் இல்லை.

முதல் தோல்வியிலிருந்தே பார்க்கலாம்.

மியாசாக்கி படித்தது அரசியலும் பொருளாதாரமும். தோக்கியோவில் தோயே நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவில் இன்பிட்வீன் ஆளாகச் சேர்ந்தார். பெரியவர்கள் முக்கியமான நிலைகளை வரைந்து கொடுப்பார்கள், நடுவில் வரும் அசைவுகளை இவர் நிரப்ப வேண்டும். கடைநிலை வேலை. அங்கே இரண்டு பேர் அவருக்குக் கிடைத்தார்கள். ஒருவர் யாசுவோ ஓட்சுகா, அனிமேஷனுக்கு வருவதற்கு முன் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் வேலை பார்த்த மனிதர். இன்னொருவர் இசாவோ தகஹாட்டா. பிரெஞ்சு இலக்கியம் படித்தவர், படம் வரையத் தெரியாத இயக்குநர். தொழிற்சங்க வேலைகளில் இவரும் மியாசாக்கியும் நெருங்கிய கூட்டாளிகள்.

நிறுவனம் ஒரு முழுநீளப் படத்தை ஓட்சுகாவிடம் ஒப்படைக்க வந்தபோது, தகஹாட்டா இயக்கினால்தான் செய்வேன் என்று நின்றார் அவர். அப்படித்தான் 'சூரிய இளவரசன் ஹோல்ஸ்' தொடங்கியது. நடுவில் நிறுவனமே வேலையை நிறுத்தி வைத்தது. கெடு தாண்டியது, பட்ஜெட் தாண்டியது. இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் ஓநாய்க் கூட்டம் கிராமத்தைத் தாக்கும் இடம் வரும். மற்ற இடங்களில் மீன் துள்ளுவதைக்கூட அவ்வளவு உயிரோடு அசைத்திருப்பவர்கள், அங்கே அசையாத ஓவியங்களை வைத்து, மேலே கேமராவை மட்டும் நகர்த்தியிருப்பார்கள். எலிகள் தாக்கும் இடத்திலும் அப்படியே. முதல்முறை பார்ப்பவர் இது ஏதோ கலை உத்தி என்று நினைக்கலாம். காசும் நேரமும் தீர்ந்துபோன இடம் அது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த ஷாட்டைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும்.

1968 ஜூலையில் படம் வந்தது. சில நாட்களே ஓடியது. பழி இயக்குநர் மேல். அதன்பின் தகஹாட்டாவுக்குத் தோயேயில் முழுநீளப் படம் கிடைக்கவே இல்லை. மியாசாக்கிக்கு? ஐடியாவாகக் கொட்டிக்கொண்டிருந்த சின்னப் பையன் என்று 'காட்சி வடிவமைப்பு' என ஒரு டைட்டில் கார்டே கிடைத்தது. வேலையும் போகவில்லை. அதாவது மியாசாக்கியின் முதல் பெரிய தோல்விக்குக் காசு கட்டியது தகஹாட்டா. இது அந்த ஃபார்வர்டில் வராது.

1971ல் தகஹாட்டாவோடு மியாசாக்கியும் கிளம்பினார். புது இடத்தில் முதல் திட்டம், சுவீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் பிப்பி கதைகளைத் தொடராக எடுப்பது. மியாசாக்கி மாய்ந்து மாய்ந்து வரைந்தார். அனுமதி கேட்க நிறுவனத் தலைவரோடு சுவீடனுக்கே போனார். அனுமதி கிடைக்கவில்லை. திட்டம் அத்தோடு முடிந்தது.

தோல்வி பாடம் கற்றுக்கொடுக்கும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, இங்கே என்ன பாடம்? உரிமை வைத்திருப்பவர் வேண்டாம் என்றார். அவ்வளவுதான். இவர் வரைந்ததில் தவறு எதுவும் இல்லை, திருத்திக்கொள்ள எதுவும் இல்லை. இந்தத் துறையில் பாதித் தோல்விகள் இந்த ரகம். கிளையன்ட் மனம் மாறினார், பணம் போடுபவர் ஓடிவிட்டார், படம் பாதியில் நின்றது. அதிலிருந்து பாடம் தேடிக்கொண்டு தன்னையே குடைந்துகொள்ளும் பிள்ளைகளைப் பார்க்கும்போது பாவமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று மிஞ்சியது. வரைந்த படங்கள். அடுத்த வருடம் தோக்கியோ உவேனோ மிருகக்காட்சிசாலைக்குச் சீனாவிலிருந்து இரண்டு பாண்டாக்கள் வந்திறங்கி, ஜப்பானே பாண்டாப் பைத்தியமாகத் திரிந்தது. அந்தச் சூட்டில் தகஹாட்டா இயக்க, மியாசாக்கி எழுதிய குறும்படம்தான் 'பாண்டா கோபாண்டா'. அதில் வரும் சிறுமியைப் பாருங்கள். சிவப்பு முடி, விறைத்து நிற்கும் இரட்டைச் சடை, பெரியவர் துணை இல்லாமல் தனி வீடு. பிப்பி வேறு பெயரில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். சுவீடன் பயணத்தில் மியாசாக்கி பார்த்த விஸ்பி, ஸ்டாக்ஹோம் தெருக்கள் 18 வருடம் கழித்து 1989ல், 'கிகி' படத்தின் கடலோர ஊராக வந்தன. மேசையும் சம்பளமும் இருந்ததால்தான் அந்த ஓவியங்கள் பரணுக்குப் போகாமல் அடுத்த வேலைக்குள் நுழைந்தன என்பது என் எண்ணம்.

எழுபதுகளை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். 'லூபன்' தொடரில் நடுவழியில் சேர்ந்தார், பார்வையாளர் குறைவு என்று 23 அத்தியாயத்தோடு அது முடிந்தது. 1974ல் 'ஹைடி'. வாராவாரம் 52 அத்தியாயம், அத்தனைக்கும் லேஅவுட், அதாவது ஒவ்வொரு ஷாட்டின் அமைப்பையும் வரைந்து கொடுப்பது, இவர். தொடர் நன்றாகவே போனது. ஆனால் அது தகஹாட்டாவின் படைப்பு. 1978ல் 'எதிர்காலச் சிறுவன் கோனன்' தொடரை இயக்கியபோது இவருக்கு 37 வயது. அடுத்த வருடம் முதல் சினிமா, 'காக்லியோஸ்ட்ரோ கோட்டை'. இன்றைக்குக் கொண்டாடப்படும் அந்தப் படம் தியேட்டரில் அடிவாங்கியது.

அப்புறம் வந்த இரண்டு மூன்று வருடம்தான் நிஜமான இருட்டு. கதை யோசனைகளைக் கொண்டுபோனார், மூலமாக ஒரு காமிக்ஸ் இல்லாமல் படத்துக்குப் பணம் போட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். இத்தாலியோடு சேர்ந்து எடுத்த நாய் ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர் ஆறு அத்தியாயத்தில் நின்றது. அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பு ஒன்றுக்காக அங்கே போய், ஒத்துவராமல் விலகினார். நாற்பது வயது. நம் ஊர்க் கணக்கில் இனி இவன் தேறமாட்டான் என்று சொந்தக்காரர்கள் முடிவுகட்டும் வயது.

அங்கே கை கொடுத்தது பழைய தோல்விதான். ஆனால் ஃபார்வர்டு சொல்கிற மாதிரி இல்லை. 1978ல் தோயே அலுவலகங்களிலோ ஸ்டூடியோக்களிலோ இல்லாத ஒரு ஆள், தோஷியோ சுசுகி என்ற இளம் பத்திரிகையாளர், 'அனிமேஜ்' என்ற புதுப் பத்திரிகையின் முதல் இதழுக்காகத் தகஹாட்டாவுக்குப் போன் போட்டார். ஓடாமல் போன அந்த 'ஹோல்ஸ்' படத்தைப் பற்றிப் பேட்டி வேண்டும். தகஹாட்டா தான் ஏன் பேட்டி தரமாட்டேன் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். (படம் ஏன் தோற்றது என்று கேட்டால் நானும் அப்படித்தான் பேசுவேன்.) பிறகு பக்கத்தில் இருந்த மியாசாக்கியிடம் போனைக் கொடுத்தார். மியாசாக்கிக்குப் பேச நிறைய இருந்தது, எட்டுப் பக்கம் போதாது, 16 பக்கம் கொடுங்கள் என்றார். பேட்டி நடக்கவில்லை. ஆனால் சுசுகி அந்தப் படத்தைப் போய்ப் பார்த்தார், அசந்துபோனார், இந்த இருவரையும் விடவே இல்லை.

படத்துக்குக் காமிக்ஸ்தானே வேண்டும், சரி, காமிக்ஸே வரையட்டும் என்று அதே 'அனிமேஜ்' பக்கங்களை மியாசாக்கிக்குக் கொடுத்தார்கள். 1982 பிப்ரவரி இதழில் 'நவ்சிகா' தொடங்கியது. 1984ல் படமானது. அப்போது மியாசாக்கிக்கு 43.

இதில் விடாமுயற்சி யாருடையது? மியாசாக்கி வரைந்துகொண்டே இருந்தார், ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவு உழைப்பு எனக்கு வராது. ஆனால் ஓடாத படத்தைத் தேடிப் பார்த்த ஒரு ஆளின் பிடிவாதமும் அதற்குச் சமமாக வேலை செய்திருக்கிறது.

இன்னொரு பெயர் சொல்ல வேண்டும். அகெமி ஓட்டா. தோயேயில் மியாசாக்கிக்கு சீனியர், அனிமேட்டர். 1965ல் இருவருக்கும் கல்யாணம். இரண்டு பேரும் வேலையில் தொடர்வது என்றுதான் பேச்சு. இரண்டு பையன்கள் பிறந்த பிறகு வேலையை விட்டது அவர். இரவு பகலாகக் கணவர் ஸ்டூடியோவில் கிடந்த அந்த எழுபதுகளில், பிள்ளைகளை வளர்த்தது, வீட்டைப் பார்த்தது எல்லாம் அவர். மியாசாக்கியின் ஒவ்வொரு தோல்வியையும் எண்ணி எண்ணிச் சொல்கிறோம், அகெமி ஓட்டா வரையாமல் போன படங்களுக்குக் கணக்கே கிடையாது. என் பேட்ச்சில் படித்த பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். கணினிப் பாத்திரங்களுக்கு அசையும் எலும்புக்கூடு அமைக்கும் ரிக்கிங்கில் எங்களில் யாரும் தொட முடியாத ஒருத்தி இருந்தாள். இன்று அவள் துறையில் இல்லை. அவளுக்கு விடாமுயற்சி இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

'நவ்சிகா' ஓடியது, 1985ல் ஜிப்லி பிறந்தது, எல்லாம் சுபம் என்றும் நினைக்க வேண்டாம். 'நவ்சிகா'வுக்கு வந்தவர்கள் சுமார் 9 லட்சம் பேர். அடுத்து வந்த 'லாப்யூட்டா'வுக்கு 8 லட்சத்துக்கும் கீழே. 1988ல் 'தொத்தோரோ'வை யாரும் நம்பாததால் தகஹாட்டாவின் 'மின்மினிகளின் கல்லறை'யோடு இரட்டைக் காட்சியாக வெளியிட்டார்கள், அதற்கும் 8 லட்சத்தைச் சுற்றித்தான் கூட்டம். இன்று நம் ஊர்க் கடைகளில்கூடத் தொங்கும் அந்தத் தொத்தோரோ பொம்மை கொஞ்ச காலம் கழித்து வந்ததுதான். 'கிகி'தான் 26 லட்சத்தைத் தாண்டியது.

'கிகி' வரைக்கும் ஜிப்லியில் ஒரு படத்துக்கு ஆள் சேர்ப்பார்கள், முடிந்ததும் கலைத்துவிடுவார்கள். வரைந்த தாளுக்குக் காசு. 'கிகி' ஜெயித்ததும் மியாசாக்கி முன்வைத்தது, ஆட்களை நிரந்தரமாக எடுப்போம், மாதச் சம்பளம் கொடுப்போம், அதை இரண்டு மடங்காக்கப் பார்ப்போம், புதியவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுப்போம் என்பது. இருபது வருடம் ஒவ்வொரு இடத்திலும் அடிபட்ட மனிதர் கையில் காசு வந்ததும் முதலில் செய்ய நினைத்தது இது. ஸ்டேட்டஸ் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

அவரைப் புனிதராக்கவும் நான் வரவில்லை. 1998 ஜனவரியில் ஜிப்லியின் யோஷிஃபூமி கொண்டோ 47 வயதில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். ஒரே ஒரு படம் இயக்கியவர், மியாசாக்கிக்கு அடுத்து இவர்தான் என்று எதிர்பார்க்கப்பட்டவர். வேலைப்பளுதான் காரணம் என்று பேசியவர்கள் அந்தத் துறையிலேயே நிறைய. உடம்பை அடகு வைத்து உழைப்பதை நாமும் விடாமுயற்சி என்றுதான் கைதட்டுகிறோம்.

இப்போது நம் பக்கம். "அக்கா, இன்னும் எவ்வளவு நாள் ட்ரை பண்ணலாம்?" என்று இன்பாக்ஸில் கேட்கும் பிள்ளைகளுக்கு, விடாதே என்று ஒரு வார்த்தையில் பதில் போட எனக்கு மனசு வருவதில்லை. வீட்டு வாடகை யார் கட்டுகிறார்கள் என்று முதலில் கேட்கிறேன். அப்பாவின் பென்ஷனிலா, அண்ணன் சம்பளத்திலா, கோர்ஸுக்கு வாங்கிய கடன் எவ்வளவு பாக்கி? பதிலைப் பொறுத்து, ரோட்டோ வேலையாக (ஃபிரேம் ஃபிரேமாக உருவங்களின் ஓரத்தை வெட்டியெடுக்கும் கடைநிலை வேலை) இருந்தாலும் சம்பளம் ஒழுங்காக வரும் இடம், பக்கத்து சீட்டில் கேட்டால் சொல்லிக்கொடுக்கும் சீனியர் இருக்கும் இடம் கிடைத்தால் போய் உட்கார் என்கிறேன். சொந்தப் படத்தை ராத்திரியில் வரையலாம். ஃபைலை அழிக்காமல் வைத்திரு என்கிறேன்.

கம்பெனிக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கதை புதுச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்துக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ், 2013 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அதே மாதம் அந்த வேலைக்கு ஆஸ்கார் கிடைத்தது. மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்த நிறுவனம். வேலை நன்றாக இருந்தாலும் கம்பெனி கவிழும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படிக் கவிழும்போது மியாசாக்கிக்காவது அவர் வரைந்த தாள்கள் கையில் மிஞ்சின. இங்கே ஒரு பையன் மாதக்கணக்கில் இழைத்த ஷாட், ரகசிய ஒப்பந்தம் என்ற பெயரில் சர்வரிலேயே புதைந்துபோகிறது. டைட்டிலில் பெயரும் வருவதில்லை. அடுத்த இன்டர்வியூவுக்கு என்னத்தைக் காட்டுவான்?

படம் ரிலீஸ் ஆகும்வரை ரகசியம் வேண்டும், புரிகிறது. ரிலீஸான பிறகும், கைவிடப்பட்ட படமாக இருந்தால் ஒரு வருடம் கழித்தும், அவரவர் செய்த ஷாட்டை, வேலை தேடும்போது காட்டும் அவரவர் ஷோரீல் வீடியோவில் போட எழுத்தில் அனுமதி கொடுங்கள். இன்கிரிமென்ட் மாதிரி இதற்குப் பணம் செலவாகாது. உங்கள் ஹெச்ஆர் ஒரு மெயில் அனுப்பினால் போதும்.