தலைமுடிக்கு எவ்வளவு கழுவல் போதும்?

வழக்கமான ஷாம்புவை நான் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் வழிகளில் பலவற்றைச் செய்தும் பார்த்திருக்கிறேன். ஆனாலும், "ஷாம்புவில் ரசாயனம் இருக்கிறது, அதனால் விட்டுவிடுங்கள்" என்று யாராவது அறிவுரை சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. தண்ணீரும் ரசாயனம்தான், வினிகரும் சமையல் சோடாவும் ரசாயனங்கள்தாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்தப் பொருள் எண்ணெயை எவ்வளவு வலுவாக அகற்றுகிறது, அதன் அமில காரத் தன்மை முடிக்கு ஒத்துவருகிறதா, தலையில் எந்த இடத்தில் எத்தனை நாளுக்கு ஒருமுறை அதைத் தேய்க்கிறோம் என்பவையே அவை. இவற்றைக் கேட்டுப் பார்த்தால், இயற்கை என்ற பெயரில் பரிந்துரைக்கப்படும் சில முறைகள் சாதாரண ஷாம்புவைவிடக் கடுமையானவை என்பதும், ஷாம்பு என்றே பெயரிட்டு விற்கப்படும் சில பொருள்கள் போதிய மென்மையுடன் இருக்கின்றன என்பதும் தெரியவரும்.

ஷாம்பு ஏன் வந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் பலரும் தலைக்குப் போட்டது சோப்பு. சோப்பு காரத்தன்மை கொண்டது. அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவுகோலில் 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். சோப்பின் பி.எச். அளவு பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். உப்புத்தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத படிவமாக மாறி முடியில் ஒட்டிக்கொள்ளும். 1934இல் அமெரிக்காவில் டிரீன் என்ற பெயரில் செயற்கைச் சலவைப் பொருளால் ஆன ஷாம்பு விற்பனைக்கு வந்தபோது, இந்தப் படிவச் சிக்கலுக்கு உண்மையிலேயே ஒரு தீர்வு கிடைத்தது. கூடவே இன்னொரு சிக்கலும் வந்து சேர்ந்தது: புதிய பொருள் தன் வேலையை வேண்டிய அளவுக்கு மேல் நன்றாகச் செய்தது. முடியிலிருந்த எண்ணெயை ஒட்டுமொத்தமாக அகற்றி, அதைச் சொரசொரப்பாக விட்டுவிட்டது. கண்டிஷனர் என்ற பொருளின் தேவை இவ்வளவு பெருகியதற்கு இந்த அதிகப்படியான திறமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பல ஷாம்புக்களில் நுரைத்து அழுக்கை அகற்றும் சலவைப் பொருளாக இருந்து, இன்று அதிகமாகத் திட்டு வாங்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் பாதி உண்மை, பாதி வதந்தி. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் செய்திக்கு ஆதாரம் இல்லை. அது தோலை எரிச்சலூட்டும் என்பது உண்மை. தோல் எரிச்சலை ஆராய்பவர்கள் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கிப் பார்ப்பதற்குப் பயன்படுத்தும் அளவுகோல் பொருளே அதுதான். ஆனால் அந்தச் சோதனைகளில் அதைத் தோலின்மேல் ஒட்டிப் பல மணி நேரம் விட்டுவைக்கிறார்கள். தலையில் அது ஓரிரு நிமிடங்கள் மட்டும் இருந்துவிட்டு வழிந்துவிடுகிறது. அதன் உறவுப் பொருளான சோடியம் லாரெத் சல்ஃபேட் இன்னும் சற்று மென்மையானது. ஆகவே பெரும்பாலான தலைகளுக்கு இவற்றால் ஆபத்து ஏதுமில்லை. வறண்ட, சுருண்ட, சாயமிட்ட முடிக்கும் எளிதில் சிவக்கும் தோலுக்கும்தான் இவை பொருந்தாமல் போகின்றன. நான் இவற்றை விட்டதற்குக் காரணம் அச்சமன்று. கழுவிய மறுநாளே தலைத்தோல் இறுகி அரிக்கத் தொடங்கியதும், முடி நுனிகள் வைக்கோலாகக் காய்ந்ததுமே.

மாற்று முறைகளிலேயே மிகவும் புகழ்பெற்றது சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துவிட்டு, பிறகு வினிகர் கலந்த தண்ணீரால் அலசுவது. இந்த முறையைப் பற்றித்தான் எனக்கு மிகக் கடுமையான கருத்து இருக்கிறது. தலைத்தோலின் பி.எச். ஏறத்தாழ 5.5, முடித்தண்டின் பி.எச். அதையும்விடக் குறைவாக 3.67 என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. சமையல் சோடாக் கரைசலின் பி.எச். 8.3 அளவில் இருக்கும். வேறுபாடு மூன்றுக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், தலைத்தோல் பழகிய நிலைக்கும் அந்தக் கரைசலுக்கும் இடையில் அறுநூறு மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருக்கிறது. காரம் பட்டால் முடி உப்பும். ஓட்டுக்கூரையில் ஓடுகள் அடுக்கப்பட்டிருப்பதைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் வெளிச்செதில்கள் தூக்கிக்கொள்ளும். முடியின் எதிர்மின்னூட்டம் கூடுவதால் இழைகள் ஒன்றோடொன்று உரசிச் சிக்கும். பிறகு ஊற்றும் வினிகர் செதில்களை ஓரளவு படிய வைக்கும் என்பது சரிதான். ஆனாலும் ஒவ்வொரு கழுவலிலும் முடியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்துவிட்டுத் திரும்ப அழைத்துவருவதை மென்மை என்று எப்படிச் சொல்வது? முதல் சில வாரங்களில் முடி பளபளவென்று இருப்பதாகப் பலர் எழுதுவதை நான் நம்புகிறேன். பழைய படிவங்கள் நீங்கும்போது அப்படித்தான் இருக்கும். சில மாதங்கள் கழித்து முடி நடுவிலேயே ஒடிந்து விழத் தொடங்கும்போது அதைச் சமையல் சோடாவோடு தொடர்புபடுத்திப் பார்ப்பவர்கள் குறைவு.

நியாயமாகச் சொன்னால், இந்தக் குற்றம் கடை ஷாம்புக்களுக்கும் உண்டு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 123 ஷாம்புக்களின் பி.எச். அளவைச் சோதித்தபோது, 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தவை ஏறத்தாழ 38 சதவீதம் மட்டுமே. புட்டியின் முகப்பில் இலையும் பூவும் அச்சிட இடமிருக்கும்போது இந்த ஓர் எண்ணை அச்சிட மட்டும் பல நிறுவனங்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

அடுத்ததாக, எண்ணெய்ச் சுரப்பிகளைப் பழக்கப்படுத்தலாம் என்ற நம்பிக்கை. ஷாம்பு எண்ணெயைப் பறிப்பதால் சுரப்பிகள் பதறிப்போய் அதிகமாகச் சுரக்கின்றன என்றும், கழுவுவதை நிறுத்திச் சில வாரங்கள் பொறுத்துக்கொண்டால் அவை அமைதியடைந்து குறைவாகச் சுரக்கும் என்றும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு அழகான கதை. ஆனால் சுரப்பியின் வேகத்தை முதன்மையாகத் தீர்மானிப்பவை ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். அதனால்தான் பருவ வயதில் எண்ணெய் வழிகிறது, முதுமையில் குறைகிறது. தோலின் மேற்பரப்பில் எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்பதைச் சுரப்பி உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்கிறது என்ற கருத்தை 1958லேயே கிளிக்மன், ஷெல்லி என்ற இரு தோல் மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்து மறுத்துவிட்டார்கள். பின் ஏன் சிலருக்குச் சில வாரங்களில் நிலைமை சீராகிறது? எண்ணெய் தண்டு வழியாகப் பரவி வேரில் தேங்குவது குறைகிறது. சீப்பும் விரல்களும் அதைக் கடத்துகின்றன. அந்தத் தோற்றத்துக்கு நம் கண்ணும் பழகிவிடுகிறது. இவை எல்லாம் நல்லவையே. சுரப்பி திருந்தியது என்று மட்டும் சொல்ல வேண்டியதில்லை.

வெறும் தண்ணீர் முறையும் இதே காரணத்தால்தான் சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்குப் பலிப்பதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் விரல் தேய்ப்பும் வியர்வை உப்பையும் தூசியையும் நன்றாகவே அகற்றும். எண்ணெயில் ஒரு பகுதி மட்டுமே போகும். நீளமான, அடர்ந்த, சுருட்டை முடியில் எண்ணெய் நுனிவரை எளிதில் இறங்குவதில்லை என்பதால் அவர்களுக்கு இது போதுமானதாக இருக்கலாம். மெல்லிய, நேரான முடிக்காரர்கள் மூன்றாம் நாளே முகம் சுளிப்பார்கள். முடிக்கு சிலிகோன் கலந்த பொருள்களைப் பூசிக்கொண்டே தண்ணீரால் மட்டும் கழுவுவது பயனற்றது. தண்ணீரில் கரையாத சிலிகோன் அப்படியே அடுக்கடுக்காகப் படிந்துவிடும்.

சீயக்காய், பூந்திக்கொட்டை போன்ற தாவரப் பொருள்களின் மீது எனக்கு மரியாதை உண்டு. அவற்றில் உள்ள சப்போனின் என்ற பொருளும் ஷாம்புவில் உள்ளதைப் போலவே ஒரு முனையில் தண்ணீரையும் மறுமுனையில் எண்ணெயையும் பற்றிக்கொள்ளும் மூலக்கூறுதான். பழந்துணிகளைப் பாதுகாக்கும் வல்லுநர்கள் நலிந்த துணிகளைத் துவைக்க, சப்போனின் மிகுந்த சோப்வோர்ட் என்ற செடியின் சாற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதிலிருந்தே அதன் மென்மை விளங்கும். ஆனால் பொடியை அப்படியே குழைத்து முடியில் தேய்ப்பதை நான் நிறுத்திவிட்டேன். துகள்கள் ஈரமுடியை உராய்கின்றன. அலசி முடிப்பதற்குள் தண்ணீரும் பொறுமையும் தீர்ந்துவிடுகின்றன. கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு போதும். அது கண்ணில் பட்டால் எரியும் என்பதைப் பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. களிமண், முட்டை, மாவு ஆகியவற்றைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. எண்ணெயை ஓரளவு உறிஞ்சும், குளியலறையை முழுமையாக அசுத்தப்படுத்தும்.

கண்டிஷனரால் மட்டுமே கழுவும் முறை சுருட்டை முடிக்காரர்களிடையே பரவலாக இருக்கிறது. அதிலும் மிக மென்மையாக அழுக்கை அகற்றும் பொருள்கள் இருப்பதால், அவர்களுக்கு அது நியாயமான தேர்வே. இருந்தாலும் மென்மையான கழுவல் என்ற பெயரே பாதுகாப்புக்கு உறுதியாகிவிடாது. அப்படி விற்கப்பட்ட ஒரு கழுவும் கண்டிஷனரைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் பொதுமக்களை எச்சரித்தது. முடி உதிர்வு, அரிப்பு, தடிப்பு என்று அதைத் தயாரித்து விற்ற நிறுவனங்களுக்கே 21,000க்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருந்தன.

இதே பாடத்தை, ஷாம்பு கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாதுகாப்புப் பொருள்களின் கதையில் இன்னும் தெளிவாகக் காணலாம். பாராபென் என்ற வகைப் பொருள்களின் மீது 2004 வாக்கில் அச்சம் பரவியதும், பல நிறுவனங்கள் அவற்றை நீக்கி மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. விளைவாக ஒவ்வாமை பெருகியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதையே அறிவித்தது. எந்தப் பாராபென்னை விரட்டினார்களோ, அதற்கு 2019இல் அதே சங்கம் "ஒவ்வாமை தராத பொருள்" என்ற பட்டத்தை வழங்கியது! மென்மையானவை என்று கொண்டாடப்படும் குளுக்கோசைடு வகைச் சலவைப் பொருள்களும் 2017இல் அந்த ஒவ்வாமைப் பட்டியலில் இடம்பெற்றவையே. இவற்றை நான் பயன்படுத்தாமல் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு இவற்றால் தொல்லை இருக்காது. ஆனால் எதையும் முதன்முதலில் தலை முழுக்கத் தேய்ப்பதற்கு முன், காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவிச் சில நாள்கள் பார்ப்பது நல்லது.

இப்போது நான் செய்வது மிகச் சாதாரணமானது. சல்ஃபேட் இல்லாத, பி.எச். அளவு 5.5ஐ ஒட்டிய ஒரு ஷாம்புவைச் சிறிதளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துத் தலைத்தோலில் மட்டும் தேய்க்கிறேன். நீளமான தண்டுப் பகுதிக்கு, அலசும்போது வழியும் நுரையே போதும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும். எண்ணெயும் வியர்வையும் உருவாவது தோலில்தான், தண்டில் அன்று. ஆண்டுக்கணக்கில் வெயிலும் சீப்பும் பட்டுத் தேய்ந்த நுனியைப் புதிதாக முளைத்த வேரைப் போலவே தேய்ப்பதில் நியாயமில்லை. கழுவுவதற்குச் சில மணி நேரம் முன்பு தண்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதையும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யாததையும் 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்பதற்குப் பொது விதி கிடையாது. 1908இல் நியூயார்க் டைம்ஸ் இதழ், முடி நல்ல நிலையில் இருந்தால் ஒரு மாதம் முதல் ஆறு வாரம் வரை இடைவெளி விடலாம் என்று எழுதியது. இன்றைய விளம்பரங்கள் தினமும் கழுவச் சொல்கின்றன. தலை அரித்தாலோ நாறினாலோ பிசுபிசுத்தாலோ கழுவுகிறேன்.

ஒரு சாராரை மட்டும் இந்தப் பரிசோதனைகளிலிருந்து விலகியிருக்கச் சொல்வேன். பொடுகோ, செதில் உதிரும் தோல் அழற்சியோ இருப்பவர்கள் கழுவுவதைக் குறைக்கக் கூடாது. மலசீசியா என்ற நுண்பூஞ்சை தலையின் எண்ணெயைத்தான் உண்டு வாழ்கிறது. எண்ணெய் தேங்கத் தேங்க அது செழிக்கும், அது விட்டுச்செல்லும் ஒலீயிக் அமிலம் தோலைச் செதிலாக உரிக்கும். அவர்களுக்குக் கீட்டோகோனசோல் போன்ற மருந்து கலந்த ஷாம்புவே மென்மையான வழி. அதை மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்த வேண்டும். அரிப்பு தாங்காமல் எண்ணெயை மேலும் ஊற்றுவது பூஞ்சைக்குத் தீனி போடுவதாகிவிடும்.

கழுவும் இடைவெளியை நீட்டிப்பவர்கள் பெரும்பாலும் பயந்து பின்வாங்கும் இடம் ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. அடிக்கடி கழுவுபவர்களுக்கு அவை சிறிது சிறிதாகப் போய்விடுவதால் கண்ணில் படுவதில்லை. ஐந்து நாள் கழித்துக் கழுவினால், ஏற்கெனவே வேரைவிட்டுக் கழன்று மற்ற முடிகளுக்கிடையில் சிக்கியிருந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் கைக்கு வரும். சுருட்டை முடியில் இன்னும் அதிகமாக வரும். அந்தக் கற்றையைப் பார்த்து அஞ்சி மறுபடியும் கழுவலைத் தள்ளிப்போட்டால் அடுத்த முறை கற்றை இன்னும் பெரிதாகத்தான் இருக்கும். உதிர்ந்த முடியின் ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தன் ஆயுள் முடிந்து விழுந்தது. குமிழ் இல்லாமல் குட்டையாக ஒடிந்து வந்தால், கழுவும் பொருளையோ துவட்டும் முறையையோ மாற்ற வேண்டும். வகிடு அகன்றுகொண்டே போனாலும், வட்டவட்டமாகச் சொட்டை விழுந்தாலும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஷாம்புவை மாற்றிப் பார்த்துக்கொண்டு நாள்களைக் கடத்தக் கூடாது.